ஒரு மெழுகுதிரியின் கடன்

சென்ற மாதத்தில் ஒரு மாலை வேளை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் பங்கு இல்லத் திண்ணையில் ஓர் இளம் குரு வந்து அமர்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் பீடச்சிறுவனாக இருந்தவர். குருவாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. மறைபரப்புப் பணிக்கென்று தில்லி மாநகருக்கு அனுப்பப்படுகிறார். விடைபெற்றுச் செல்ல வந்திருந்தார்.

"சாமி, நீங்கள் கல்கத்தாவில் பணிசெய்தவர்கள் அல்லவா? போன புதிதில் எப்படிச் சமாளித்தீர்கள்? நான் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

கம்பளிப் போர்வை ஒன்று, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத நாள்களுக்குக் கொஞ்சம் மருந்து, இந்தியில் ஒரு விவிலியம் என்று நாம் பட்டியல் சொன்னோம். நம் தொடக்க நாள்களில் நிகழ்ந்த வேடிக்கைகள் சிலவற்றையும் எடுத்துரைத்தோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆசீர் பெற்றுப் புறப்பட்டும் போனார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவரிடம் சொன்னவை யாவும் உண்மையே. ஆயினும் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோம். அதைச் சொல்லாமலே கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துவிட்டோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதனை இவ்விதழின் வாசகர்கள் முன் எழுதிவைப்பது என்று முடிவு செய்தோம். அந்த இளம் குருவும் இதைப் படிப்பார்.

1997 ஜனவரியில் நாம் கல்கத்தா போய்ச் சேர்ந்தோம். அந்நகர் 2001-இல்தான் கொல்கத்தா என்று பெயர் மாறியது. நம் நாவுக்கு இன்றும் கல்கத்தா என்றே வருகிறது. குருத்துவ அருட்பொழிவு பெற்று அப்போது ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. கோரமண்டல் விரைவு வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து ஹவுரா நிலையத்தில் இறங்கியபோது, நம்மிடம் ஒரு துணிப்பையும் ஓர் இரும்புப் பெட்டியும் இருந்தன. பெட்டி நிறைய இறையியல் நூல்கள். அதைத் தலையில் ஏற்றிய சுமைதூக்கும் தொழிலாளி, உள்ளே என்ன கல்லா என்று இந்தியில் கேட்டார். அந்தக் கேள்வி நமக்குப் புரிந்தது. அந்நகரில் முதலில் புரிந்த கேள்வி அதுவாக இருந்தது என்று பின்னர் பலமுறை எண்ணிச் சிரித்திருக்கிறோம்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கண்ணெதிரே ஹவுரா பாலம். 1943-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் மேல் மக்கள் வெள்ளம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கீழே கங்கையின் வெள்ளம். இரண்டில் எது பெரிது என்று சொல்லத் தெரியாமல் மஞ்சள் நிற வாடகைக் காரில் ஒடுங்கி அமர்ந்திருந்தோம்.

பெருநகர்ப் பணியைப் பற்றி நாம் அறியாதவர் அல்லர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் வெளியிட்ட 'மீட்பரின் பணி' எனும் சுற்றுமடலில், இனி மறைபரப்புப் பணியின் கவனம் பெருநகர்கள்மீது திரும்பவேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். புதிய வாழ்க்கை முறைகள் அங்கேதான் பிறக்கின்றன என்பது அவர் கருத்து. குருமடத்தின் இறுதி ஆண்டில் அம்மடலின் 37-ஆம் எண்ணைப் பற்றி நாம் ஒரு கட்டுரையே எழுதிப் பாராட்டும் பெற்றிருந்தோம். அந்தக் கட்டுரையும் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

நாம் சேர்ந்த பங்கு நகரின் கிழக்குப் பகுதியில், இருப்புப்பாதைக்கு அருகில் அமைந்திருந்தது. பங்குத்தந்தை வயது முதிர்ந்த வங்காளி. மக்களில் சிலர் தெற்கே சுந்தரவனப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்; சிலர் சோட்டாநாக்பூரிலிருந்து வந்த பழங்குடியினர். ஆண்கள் கூலிவேலை, பெண்கள் பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்கும் வேலை. கோவிலையொட்டி ஓர் 'பஸ்தி'. ஓடுவேய்ந்த குடிசைகள், நடுவே ஒரு பொதுக் குழாய், நீர் பிடிக்க விடியுமுன் வரிசை. அங்கே கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் என்று எல்லாரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார்கள்.

நமக்கு அங்கே முதல் வேலை மொழி கற்பது. நாளும் காலையில் இரண்டு மணிநேரம். நமக்குக் கற்பித்தவர் பங்கின் உபதேசியார். அவரை எல்லாரும் 'மாஷ்டர் மொஷாய்' என்று அழைத்தார்கள். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, எல்லையற்ற பொறுமை.

வங்காள மொழி தமிழ் நாவைப் படுத்தும் பாட்டை அனுபவித்தவரே அறிவர். நம் மொழியில் 'க' ஒன்று, அவர்களுக்கு நான்கு. அழுத்தி மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டிய எழுத்தை மூச்சில்லாமல் சொன்னால் பொருளே மாறிவிடும். சோற்றுக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும், முடக்குவாதத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாத்' என்றுதான் வரும். மூச்சில்தான் வேறுபாடு. முதல் வாரத்தில் ஒரு வீட்டு விருந்தில், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்று நாம் கேட்டதாக நினைத்திருக்க, அந்த வீட்டுப் பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இருக்கிற வாதமே போதும் ஃபாதர், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வீடே அதிர்ந்தது. இன்னொன்று: அவர்கள் தண்ணீரைக் குடிப்பதில்லை, 'உண்கிறார்கள்'. 'ஜொல் காபோ' என்றால் தண்ணீர் உண்பேன் என்று பொருள். அச்சத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் 'பொய்' என்று விழும். அது வேறொன்றும் அன்று, நம் 'பயம்'தான். இவைதாம் நாம் அந்த இளம் குருவுக்குச் சொன்ன வேடிக்கைகள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் படித்து வந்தவர் நாம். ஊரில் நம் மறையுரைக்கு நல்ல பெயர். இங்கோ திருப்பலியை எழுத்துக்கூட்டி வாசிக்க, முதல் வரிசைச் சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மொழி அறிந்தவர்களைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தார். அவருக்குப் பின்வந்த என்றிக்கே என்றீக்கசு தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சேற்றினார். வங்காள மொழியின் முதல் அச்சு அகராதியைத் தொகுத்தவரும் ஒரு போர்த்துக்கேயத் துறவியே. மனுவேல் த அசும்சாவோ என்ற அவருடைய நூல் 1743-இல் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. கடல் கடந்து வந்தவர்கள் அத்தனை பாடுபட்டிருக்க, நாம் இந்தியர்தாமே, நமக்கென்ன கடினம் என்ற செருக்கோடு வண்டி ஏறியவர் நாம். மறைபரப்பாளர் தம் மக்களின் மொழியைச் சரளமாகவும் செம்மையாகவும் பேசக் கற்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபரப்பு ஆணையில் கூறியிருப்பதையும் தேர்வுக்குப் படித்திருந்தோம். தேர்வில் எழுதியது நாவில் ஏறவில்லை.

மார்ச்சு மாதக் கடைசியில் நாம் ஒரு கடிதம் எழுதினோம், நம் ஆயருக்கு. உடல்நலம் ஒத்துழைக்கவில்லை, மொழி கைவரவில்லை, நம் மறைமாவட்டத்திலேயே பணிகள் பல காத்திருக்கின்றன என்றெல்லாம் அடுக்கி, திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டினோம். உடல்நலம் பற்றிய பகுதி உண்மையன்று. உறையில் இட்டு ஒட்டி, கட்டளைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தோம். அஞ்சலில் சேர்க்க மட்டும் கை எழவில்லை.

நம் முகவாட்டத்தைக் கண்டார் போலும், மாஷ்டர் மொஷாய் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, நம்மை மோதிஜீலுக்கு அழைத்துச் சென்றார். முத்து ஏரி என்று பொருள். பெயரில்தான் முத்து, கண்டது கலங்கிய ஒரு குளமும் அதைச் சுற்றிக் குடிசைகளும். அருகே லொரேட்டோ கன்னியர் மடத்தின் மதில். அன்னை தெரேசா தம் பணியைத் தொடங்கிய இடம் அதுதான்.

அன்னையின் தொடக்க நாள்களை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த மதிலருகே நின்றபோதுதான் ஒன்று விளங்கிற்று. அவர் 1929 ஜனவரியில் கல்கத்தா வந்தவர். 1948 ஆகஸ்டில் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியேறும்போது, அந்நகரில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். பள்ளித் தலைமையாசிரியையாகவும் இருந்தார். வங்காளம் நன்றாகப் பேசுவார். இருந்தும் மதிலுக்கு அப்புறம் கால்வைத்த அன்று அவர் புதியவர்தான். பாட்னாவில் சில மாதங்கள் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1948 டிசம்பர் 21 அன்று இந்தக் குடிசைகளுக்குள் வந்தார். பள்ளிக்கூடம் இல்லை, பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுத்துகளை எழுதிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். தங்க ஓர் இடம் தேடிக் கால் வலிக்க அலைந்த நாள்களில், திரும்பிப் போய்விட்டால் என்ன என்ற சோதனை தமக்கும் வந்ததை அவரே குறித்துவைத்திருக்கிறார். 1949 பிப்ரவரியில்தான் கிரீக் லேன் 14-ஆம் எண் வீட்டின் மாடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தார் இடம் தந்தார்கள். அவருடைய சபைக்கு ஏற்பு கிடைத்தது 1950 அக்டோபர் 7-இல்.

"அவர்களுக்கும் திரும்பிப் போகத் தோன்றியிருக்கிறது ஃபாதர்" என்று மட்டும் சொன்னார் மாஷ்டர் மொஷாய். நம் புத்தகத்துக்குள் இருந்த உறையை அவர் எப்போது பார்த்தாரோ, அறியோம்.

ஏப்ரல் பிறந்தது. வங்காளத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை வேளையில் வடமேற்கிலிருந்து திடீரென்று சூறைக்காற்று எழும். 'கால்பைசாகி' என்பார்கள். பகலெல்லாம் வெந்து தணியாத நகரம் ஒரே நாழிகையில் இருண்டு, புழுதி எழுந்து, இடி இடித்து, மழை கொட்டித் தீர்க்கும். முதல் காற்று எழுந்த மாலையில் தெருவெங்கும் ஒரே குரல்: 'ஜொர் ஆஷ்ச்சே!' புயல் வருகிறது. சிறுவர்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். நாமும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டோம். புத்தகத்தில் படிக்காமல் தெருவில் கேட்டுக் கற்ற முதல் சொல் என்பதில் நமக்குப் பெருமை.

பத்து நாள் கழிந்திருக்கும். பங்குத்தந்தை கிளைக் கோவிலுக்குச் சென்றிருந்தார். இல்லத்தில் நாம் தனியாக இருந்தோம். மாலை ஆறு மணியளவில் வடமேற்கே வானம் கறுத்தது, மின்னல் தெரிந்தது. அப்போது கதவு தட்டும் ஓசை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நின்றான். பஸ்தியில் வாழும் நம் பங்குப் பிள்ளை. மூச்சிரைக்க, அழுகையும் பேச்சுமாக ஏதோ சொன்னான். அதில் நாம் பிடித்துக்கொண்ட சொற்கள் மூன்று: 'மா', 'ஜொர் எஷேச்சே', 'பொய் கொர்ச்சே'.

புயல் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது. நமக்கு எல்லாம் புரிந்துவிட்டது! வங்காளிகள் அஞ்சும்போது 'மா கோ' என்று தாயை அழைப்பதையும் கேட்டிருந்தோம். பிள்ளை இடிக்குப் பயந்து ஓடிவந்திருக்கிறான் என்று முடிவுசெய்தோம். அவன் தலையில் கைவைத்து, 'பொய் நேய்' என்றோம். பயம் இல்லை என்று பொருள். புயல் வந்தால் மின்சாரம் நின்றுவிடுமே என்று, பிப்ரவரியில் ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று மந்திரித்த மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். அவன் மெழுகுதிரியைப் பார்த்தான், நம் முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். பிறகு திரும்பி ஓடிவிட்டான்.

நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தோம். முதன்முறையாக ஒருவர் பேசியது முழுவதும் புரிந்தது, நாமும் வங்காளத்தில் ஆறுதல் சொன்னோம் என்ற மகிழ்ச்சியில் அன்று மாலைச் செபத்தை உரக்கவே சொன்னோம். பிறகு காற்று எழுந்தது. நள்ளிரவு தாண்டியும் மழை பெய்தது.

காலைத் திருப்பலிக்குப் பின் மாஷ்டர் மொஷாய் வந்து செய்தி சொன்னார். அந்தச் சிறுவனின் தாய்க்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல். நேற்று மாலை நினைவு தப்பிவிட்டது. தந்தை இல்லாத குடும்பம். இரவு பதினொரு மணிக்கு அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மலேரியாவாம்.

நாம் அமர்ந்துவிட்டோம். காய்ச்சலுக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டோம். "ஜொர்" என்றார். புயலுக்கு? "ஜொர்." நாம் விழித்தோம். அவர் இரண்டையும் மெல்ல, தனித்தனியே சொல்லிக்காட்டினார். புயலுக்கு முதலெழுத்தில் மூச்சு வெடித்து வருகிறது, கடையெழுத்தில் நாக்கு மடிகிறது. காய்ச்சலுக்கு இரண்டும் இல்லை. காய்ச்சல் 'வந்திருக்கிறது' என்று சொல்வதே அவர்கள் வழக்கு. புயல் 'வந்திருக்கிறது' என்பதும் அப்படியே. பிள்ளை சொன்னது: அம்மாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

வாசகர்களே, இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த 'ஜொர்' வேற்றுச் சொல்லன்று. நம் வீட்டுப் பாட்டிமார் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, 'பிள்ளைக்கு ஜுரம் அடிக்கிறது' என்பார்களே, அதே சொல். வடமொழியிலிருந்து அவர்களிடமும் நம்மிடமும் வந்து தங்கிய சொல். நம் தாயின் வாயிலிருந்து நூறுமுறை கேட்ட சொல்லை, ஒரு பிள்ளை தன் தாய்க்காக வந்து சொன்னபோது நாம் அறிந்துகொள்ளவில்லை. அவனுடைய குடிசை நம் வாசலிலிருந்து இருநூறு அடிகூட இராது. மொழி தெரியாவிட்டாலும் நமக்குக் கால் இருந்தது. அவன் பின்னால் நடந்திருந்தால் போதும். 'பொய் நேய்' என்றோம். அன்று நாம் சொன்னது தமிழ்ப் பொருளில் பொய்யாகவே ஆயிற்று.

மருத்துவமனைக்கு ஓடினோம். மலேரியா கொசுவால் பரவும் முறையை, பறவைகளில் செய்த ஆய்வின் வழியாக ரொனால்டு ராஸ் நிறுவியது 1898-இல் இதே கல்கத்தாவில். அதன்பின் நூறாண்டு ஆகியும் அந்நோய் அந்நகரின் ஏழைகளைவிட்டு அகலவில்லை. நெருக்கமான பொதுப்பிரிவில், இரு கட்டில்களுக்கு இடையே தரையில் விரித்த பாயில் அந்தப் பெண்மணி கிடந்தார். கண் திறந்திருந்தது. நோயில்பூசுதல் அளித்தோம். அது முடிந்ததும் அவர் நம் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். மாஷ்டர் மொஷாய் பொருள் சொன்னார்: "ஃபாதர் கொடுத்தனுப்பிய மந்திரித்த மெழுகுதிரியைப் பிள்ளை தலைமாட்டில் ஏற்றி வைத்தானாம். பயம் இல்லை என்று ஃபாதர் சொன்னார் என்றானாம். அதைக் கேட்டபிறகுதான் தைரியம் வந்ததாம். நீங்கள் தனியாக இருந்தீர்கள், கோவிலை விட்டுவிட்டு வரமுடியாமல் மெழுகுதிரியை அனுப்பினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியுமாம்."

அந்த நேரத்தில் நாம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோயாளியைக் கலங்கடிக்கக் கூடாது என்று நமக்கு நாமே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டோம். ஒன்பது நாளில் அவர் குணமாகி வீடு திரும்பினார். அப்போதும் சொல்லவில்லை. பஸ்தி முழுவதும் மெழுகுதிரியின் கதை பரவிற்று. புதிய ஃபாதருக்கு மொழி தெரியாவிட்டாலும் மனம் தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். நம்மைக் கண்டு சிரித்த சிறுவர்கள் வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். பங்கு மக்கள் நம்மை ஏற்றுக்கொண்டது அந்த மெழுகுதிரியால்தான். தவறாகப் புரிந்துகொண்டது மொழிக்குற்றம். அதற்கு மன்னிப்பு எளிது. உரிமையில்லாத நன்றியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டோமே, அதுதான் நம் உள்ளத்தில் முள்ளாகத் தங்கியது.

அந்த அம்மாவை உண்மையில் காப்பாற்றியவர் யார்? அதே சந்தில் படுத்துறங்கும் ஒரு கைரிக்ஷாக்காரர். பீகார் மாநிலத்தவர், இந்து. பிள்ளைகள் அழும் குரல் கேட்டு எட்டிப் பார்த்தவர், அவரை ரிக்ஷாவில் கிடத்தி, முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய தெருக்களில், இருட்டில், மழையில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கல்கத்தாவின் கைரிக்ஷாவை வாசகர்களில் பலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மாட்டுக்குரிய இடத்தில் மனிதன் நின்று இழுக்கும் வண்டி. பெருமழையில் கார்கள் நின்றுவிடும். அது மட்டும் ஓடும்.

இரண்டு வாரம் கழித்து அவரைத் தேடிப்போனோம். தெருமுனைத் தேநீர்க் கடையருகே, ரிக்ஷாவின் கைப்பிடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். நம்மைவிட இருபது வயது மூத்தவர். பணம் எடுத்து நீட்டினோம். நோயாளியிடம் கூலி வாங்குவதில்லை என்று கையை அசைத்தார். தேநீர் மட்டும் ஏற்றுக்கொண்டார். மண்குவளையில் தேநீரோடு அவர் பக்கத்தில் நடைமேடையில் அமர்ந்தோம். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அன்று மாலை நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னோம். ஏன் அவரிடம் சொன்னோம் என்று இன்றும் விளக்கத் தெரியவில்லை. அவர் நம்மை யாரென்று அறியாதவர் என்பதாலோ, அவரிடம்தான் கடன்பட்டிருக்கிறோம் என்பதாலோ.

அவர் கேட்டு முடித்துச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பிறகு சிரித்தார். தாமும் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்தபோது மொழி தெரியாதாம். வண்டியில் ஏறியவர்கள் இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம் போவாராம். பலர் திட்டினார்களாம், ஒருவர் அடித்தும்விட்டாராம். "பிறகு ஒன்று கற்றுக்கொண்டேன். புரியாவிட்டால் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி கேட்டுவிடுவேன். கேட்பதில் என்ன வெட்கம்? தவறான தெருவில் இழுத்துக்கொண்டு போனால் எனக்குத்தான் கால் வலிக்கும்" என்றார். குவளையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, மணியை ரிக்ஷாவின் கைப்பிடியில் தட்டி ஓசையெழுப்பியபடி சவாரிக்குப் போய்விட்டார்.

அன்றிரவு அந்தக் கடிதத்தைச் சமையலறை அடுப்பில் இட்டோம். வீரம் பிறந்து அப்படிச் செய்ததாக எவரும் எண்ணவேண்டாம். கடன்பட்டவன் ஊரைவிட்டு ஓடுவது முறையன்று என்று தோன்றியது, அவ்வளவே. மூன்றாண்டுகளுக்கென்று சென்ற நாம் எட்டாண்டுகள் அங்கே தங்கினோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 5-இல் அன்னை தெரேசா இறைவனடி சேர்ந்தார். புனித தோமையார் ஆலயத்தில் வைக்கப்பட்டிருந்த அவருடைய உடலைக் காணப் பங்கு மக்களோடு நாமும் வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் அந்தத் தாயும் மகனும் நின்றார்கள். சமயம், மொழி, செல்வநிலை எதையும் பாராமல் அந்நகரம் அந்த வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அச்சிறுவன் திரும்பி, நாம் பேசும் வங்காளம் இப்போது பரவாயில்லை என்றான். அன்றும் நாம் அவனிடம் சொல்லியிருக்கலாம்.

பவுலடியாரும் ஒரு பெருநகரில் புதியவராக நின்றார். கொரிந்து நகருக்கு அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாக அவரே பின்னர் எழுதினார். அங்கே இரவுக் காட்சி ஒன்றில் ஆண்டவர் அவரிடம் அஞ்சவேண்டாம் என்று சொல்லி, அந்நகரில் தமக்குரிய மக்கள் பலர் இருப்பதாகவும் கூறினார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுல் அங்கே ஓராண்டு ஆறு மாதம் தங்கினார். குருமடத்தில் இப்பகுதிக்கு நாம் கற்ற விளக்கம்: பவுலின் போதனையால் மனம்திரும்பப்போகும் மக்களையே ஆண்டவர் தமக்குரியோர் என்கிறார். அவ்விளக்கம் தவறன்று. ஆயினும் அந்த ரிக்ஷாக்காரரைச் சந்தித்தபின் அச்சொற்களை நாம் வேறுவிதமாகவும் கேட்கத் தொடங்கினோம். நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்நகரில் ஆண்டவருக்கு ஆள்கள் இருந்தார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்ட இரவிலும் அவர்கள் விழித்திருந்தார்கள். எரிகோ செல்லும் வழியில் குரு ஒருவர் விலகிப்போனதையும், வேற்றினத்தார் ஒருவர் இறங்கிவந்ததையும் பற்றி நாம் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். அதில் நம் இடம் எது என்று கல்கத்தாவில் தெரிந்துகொண்டோம். பிற மக்களின் வாழ்வில் இறைவார்த்தையின் வித்துகள் மறைந்து கிடப்பதாக வத்திக்கான் சங்கம் கூறுவதை அதன்பின் நாம் வெறும் கோட்பாடாக வாசிக்கவில்லை. மழையில் முழங்கால் நனைய ஓடிய இரண்டு கால்களை நினைத்துக்கொண்டே வாசிக்கிறோம்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, பல்லாண்டுகள் அவர் உள்ளத்தில் நிலவிய இருளைக் கண்டு உலகம் வியந்தது. 2016 செப்டம்பர் 4-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தம் இருளை மறைக்காமல் ஆன்ம வழிகாட்டிகளிடம் எழுதிவைத்தவர் அவர். நாமோ ஒரு சிறு தவற்றையும் மறைத்து, அதன்மேல் ஒரு நற்பெயரைக் கட்டிக்கொண்டோம். ஒப்புரவு அருள்சாதனத்தில் ஆண்டவரிடம் இதை அறிக்கையிட்டோம், மன்னிப்பும் பெற்றோம். ஆயினும் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. 2005-இல் நாம் விடைபெற்றபோது அவர் நம் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதற்குள் ஒரு மெழுகுதிரி. இன்று அவர் இவ்வுலகில் இல்லை. மகன் எங்கோ வேலையில் இருக்கிறான் என்று கேள்வி. அவனுடைய முகவரியை விசாரித்து எழுதியிருக்கிறோம். கிடைத்தால் வங்காளத்திலேயே ஒரு கடிதம் எழுதுவோம். காய்ச்சலுக்கும் புயலுக்கும் எழுத்துப் பிழையில்லாமல் எழுத இப்போது தெரியும்.

தில்லி செல்லும் அன்புத் தம்பிக்கு: கம்பளிப் போர்வையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள், அங்கே மார்கழிக் குளிர் கடுமையானது. புத்தகங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கு உங்கள் கதவை யாரேனும் தட்டி, உங்களுக்குப் புரியாத மொழியில் எதையாவது சொன்னால், புரிந்ததுபோல் தலையசைக்காதீர்கள். மறுபடி கேளுங்கள். அப்போதும் புரியாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்து செல்லுங்கள். மெழுகுதிரியைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.